அப்பாவின் துப்பாக்கியும் பங்காளியின் மனுவும்

அந்தியூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். திருப்பூரில் பள்ளி ஆசிரியை. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அப்பா ஏழு மாதங்களுக்கு முன் காலமானார். மலையடிவாரத்தில் மக்காச்சோளமும் மஞ்சளும் குச்சிக்கிழங்கும் போடுகிற தோட்டம். அங்கே சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இப்போது 71 வயது அம்மா தனியாக இருக்கிறார். அப்பாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அப்பாரு (தாத்தா) காலத்தில் வாங்கியது. பிறகு அப்பா பெயரில் முறையான உரிமத்தோடு முப்பது வருடத்துக்கும் மேலாக இருந்தது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார், முடிந்ததும் வாங்கி வருவார். இப்போது அது சாளை பீரோவில் துணி சுற்றிக் கிடக்கிறது.

பெரியப்பா மகனோடு வாய்க்கால் தடத்தில் தகராறு. அவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுப் போட்டு, உரிம நகல், துப்பாக்கியின் விவரம், வாங்கிய தோட்டாக்களின் கணக்கு, துப்பாக்கி எந்த முகவரியில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஆட்சேபம் இருந்தால் பத்து நாளுக்குள் சொல்லச் சொல்லி அப்பா பெயருக்குக் கடிதம் வந்திருக்கிறது. நாலு நாள் போய்விட்டது. போதாக்குறைக்கு, போன தேர்தலின்போது துப்பாக்கி ஒப்படைத்தவர்கள் பட்டியலை யாரோ போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் இன்னும் அப்படியே இருக்கிறதாம்.

'ஆட்சேபம் சொல்லப் போனால் துப்பாக்கி இன்னும் வீட்டில் இருப்பது தெரிந்துவிடும். சொல்லாமல் விட்டால் விவரமெல்லாம் அவர் கைக்குப் போய்விடும். தோட்டம் வாரிசு முறையில் வந்த மாதிரி துப்பாக்கியும் எங்களுக்கு வந்துவிட்டதுதானே? அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர் பட்டியலையே அரசாங்கம் வைத்திருக்கக் கூடாது என்று டெக்சாஸில் இருக்கும் தம்பி சொல்கிறான். நம் சட்டத்தில் அந்த மாதிரிப் பாதுகாப்பு எதுவும் இல்லையா?' என்று கேட்கிறார்.

அம்மிணி, நாள் குறைவாக இருந்ததால் உங்கள் கடிதம் கிடைத்த அன்றே சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன்: முதலில் துப்பாக்கி, அப்புறம் ஆட்சேபம். ஏன் அந்த வரிசை என்பதை இங்கே விளக்குகிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் நம் பக்கத்தில் இன்னும் பல பேர் உண்டு.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருடம் சிவகிரி பக்கம் தோட்டத்தில் இருந்த வயதான தம்பதி. அதற்குப் பிறகு தனிச்சாளையில் பெற்றவர்களை வைத்திருக்கும் யாருக்கும் ராத்திரி போன் அடித்தால் நெஞ்சு பதறத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பயத்தில் நீங்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். துப்பாக்கி விஷயத்தில் அரசாங்கத்திடம் மறைக்க உங்களுக்கு எதுவும் கிடையாது. ஊர்க்காரரிடம் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் கிடையாது. இந்த இரண்டையும் பிரித்து வைத்துப் பார்த்தால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

துப்பாக்கி வாரிசுச் சொத்து, உரிமம் அப்படியில்லை

தோட்டத்துக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டா மாற்றுவது போல இதை மாற்ற முடியாது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் உரிமம் என்பது ஒரு ஆளுக்குக் கொடுப்பது. ஆள் போனால் உரிமமும் போயிற்று. இரும்பும் கட்டையும் உங்கள் குடும்பச் சொத்துதான். அதை விற்றால் வரும் பணம் உங்களுக்குத்தான். அதை வீட்டில் வைத்திருக்கும் உரிமைதான் உங்களுக்கு வரவில்லை. சட்டத்தின் 21-ஆம் பிரிவு, வைத்திருக்கும் உரிமை முடிந்துபோன ஆயுதத்தைத் தேவையில்லாத தாமதம் இல்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஏழு மாதம் என்பது தாமதம்தான். கண்டுகொள்ளாமல் விட்டால், உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்த குற்றமாகச் சிறைத்தண்டனை வரை போகும், அதுவும் சாளையில் இருக்கும் அம்மா பெயரில்.

பதறாதீர்கள். துக்க வீட்டில் விட்டுப்போன தாமதத்தை, தானாக வந்து சொல்பவரிடம் காவல்துறை பார்க்கிற விதம் வேறு. யாரோ கொடுத்த புகாரின் பேரில் பீரோவைத் திறந்து எடுக்கும்போது பார்க்கிற விதம் வேறு. உங்கள் பங்காளி அடுத்து அந்தப் புகாரைத்தான் கொடுப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கு முன்னால் நீங்கள் போய்விடுங்கள்.

துப்பாக்கியைக் காரில் போட்டு நீங்களே எடுத்துப் போகாதீர்கள். உரிமம் இல்லாமல் கொண்டுபோவதும் குற்றம்தான், வழியில் சோதனைச் சாவடியில் நின்றால் விளக்கம் சொல்லி மாளாது. அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகல், உரிமப் புத்தகத்தின் நகல், தாமதத்துக்கான காரணம் எழுதிய கடிதம் இந்த மூன்றோடு முதலில் நிலையத்துக்குப் போய், எப்படி ஒப்படைப்பது என்று ஆய்வாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு காவலரை உடன் அனுப்புவார்கள். கடிதத்தின் நகலில் நிலைய முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். துப்பாக்கியின் எண்ணைக் குறித்து ரசீதும் வாங்க வேண்டும்.

இன்னொன்று. 'ஒப்படைக்கிற வரைக்கும் பண்ணையத்து ஆள் வீட்டில் வைக்கட்டுமா?' என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். உரிமமில்லாதவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது தனிக் குற்றம். அந்த ஆளையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள்.

இதை அரசாங்கத்திடம் மறைத்து வைக்க முடியும் என்ற எண்ணமே தவறு. நாட்டிலுள்ள ஒவ்வொரு உரிமமும் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் தனி எண்ணோடு பதிவாகியிருக்க வேண்டும். அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது. அப்பா ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒப்படைத்த கணக்கு நிலையத்தில் இருக்கிறது. அடுத்த தேர்தலுக்கு அவர்களே சாளைக்கு வருவார்கள்.

இப்போது மனு

பங்காளி ஏன் கேட்கிறார் என்று நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதை ஆட்சேபத்தில் எழுதாதீர்கள். தகவல் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. வாய்க்கால் தகராறை அதில் இழுத்தால் உங்கள் கடிதம் பங்காளிச் சண்டைக் கடிதமாகிவிடும்.

நீங்கள் பதில் போடாவிட்டால் தகவல் தானாகப் போய்விடும் என்பது சரியில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 11-ஆம் பிரிவில் வந்த கடிதம் அது. மூன்றாம் நபர் சம்பந்தப்பட்ட தகவல் என்பதால் அவர் தரப்பைக் கேட்கிறார்கள். கடிதம் கிடைத்ததிலிருந்து பத்து நாள் உங்களுக்கு; மனு வந்த நாற்பது நாளுக்குள் பொதுத் தகவல் அலுவலர் முடிவெடுக்க வேண்டும். நீங்கள் பேசாமல் இருந்தாலும் சட்டத்தின் விலக்குகளை அவர் பார்த்தாக வேண்டும். ஆனால் பேசாதவருக்காக யாரும் மெனக்கெட மாட்டார்கள், அதுதான் நிஜம்.

எந்த அடிப்படையில் ஆட்சேபிப்பது? எல்லோரும் முதலில் ஓடுவது 8(1)(ஜே) பிரிவுக்கு, அதாவது தனிப்பட்ட தகவல் என்ற விலக்குக்கு. முன்பு அந்தப் பிரிவில் பொதுக் காரியத்துக்குச் சம்பந்தம் உண்டா, பொதுநலன் உண்டா என்று எடைபோட இடம் இருந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக 2025 நவம்பரில் அதைச் சுருக்கிவிட்டார்கள். இப்போது தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்குத்தான். பொதுநலன் பெரிதாக இருந்தால் 8(2) பிரிவின்படி கொடுக்கலாம் என்பது மட்டும் மிச்சம். இந்தத் திருத்தத்தை நான் ஆதரிப்பவன் அல்ல. ரேஷன் கடை முதல் ரோடு காண்ட்ராக்ட் வரை கேள்வி கேட்பவர்கள் வாயை அது அடைக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் அது உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். தகவல் அப்பாவைப் பற்றியது, அப்பா இல்லை. முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தொடுத்த வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவருடைய அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுகளுக்கு இறங்காது என்று சொல்லிவிட்டது. ஆகவே 'எங்கள் அப்பாவின் அந்தரங்கம்' என்று மட்டும் எழுதினால் அலுவலர் இதைக் காட்டித் தள்ளிவிட வாய்ப்பு இருக்கிறது.

அதனால் 8(1)(ஜி) பிரிவை முன்னால் வையுங்கள். ஒருவருடைய உயிருக்கோ உடல் பாதுகாப்புக்கோ ஆபத்து வரக்கூடிய தகவலைத் தர வேண்டியதில்லை என்கிறது அது. செத்தவர் விஷயம் இல்லை இது, உயிரோடு இருக்கும் அம்மா விஷயம். தனிச்சாளையில் 71 வயது அம்மா மட்டும் இருக்கிறார். அந்த முகவரியில் என்ன ஆயுதம் இருந்தது, எத்தனை தோட்டா இருந்தது என்பது வெளியே போனால் திருட வருபவனுக்கு வழிகாட்டியாகிவிடும். இதை நீங்களும் அம்மாவும் உங்கள் பெயரில் எழுதுங்கள். அப்பா இறந்துவிட்டார் என்பதையும், துப்பாக்கி இன்ன தேதியில் ஒப்படைக்கப்பட்டது என்பதையும் அதிலேயே சொல்லுங்கள். 'ஆட்சேபித்தால் குட்டு வெளிப்படும்' என்று பயந்தீர்களே, ரசீது கையில் இருந்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. வரிசை முக்கியம் என்றது இதற்காகத்தான்.

எல்லாவற்றையும் மறுக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம். மாவட்டத்தில் எத்தனை உரிமம் இருக்கிறது, குற்ற வழக்கு உள்ளவருக்கு உரிமம் புதுப்பித்தார்களா என்பதெல்லாம் ஊர் கேட்க வேண்டிய கேள்விதான். துப்பாக்கி என்பது ஊரின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. அப்பா பெயரில் உரிமம் இருந்ததா, செல்லுபடியாகும் உரிமம்தானா என்பதைச் சொன்னால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. முகவரி, ஆயுத எண், தோட்டாக் கணக்கு, புகைப்படம், ஆதார் போன்றவற்றை நீக்கிவிட்டு மற்றதைத் தரலாம் என்று எழுதுங்கள். 10-ஆம் பிரிவு அப்படிப் பிரித்துக் கொடுக்க இடம் தருகிறது. நியாயமாகக் கேட்பவரை அலுவலரும் நியாயமாகப் பார்ப்பார்.

உங்கள் ஆட்சேபத்தை மீறித் தரச் சொல்லி உத்தரவு வந்தால், 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: வாய்க்கால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், அதற்கு இந்த ஆவணம் தேவை என்று நீதிபதிக்குத் தோன்றினால் அவர் வரவழைத்துப் பார்ப்பார். அதைத் தகவல் சட்டத்தின் விலக்கு தடுக்காது. அங்கே அது வாட்ஸ்அப்பில் சுற்றாது என்பதுதான் வித்தியாசம்.

வாட்ஸ்அப் பட்டியல்

முதலில் குழு நடத்துபவரிடம் ஊர் மரியாதையோடு பேசி எடுக்கச் சொல்லுங்கள். அதில் அவர் சொந்தக்காரர் பேரும் இருக்கும், பாருங்கள். கேட்காவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள்: நிலையத்தின் பதிவேடு எப்படி வெளியே வந்தது என்று கேட்பதுதான் சரியான கேள்வி. போட்டவருக்குத் தண்டனை வாங்கித் தர வேண்டும் என்று அலையாதீர்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பெரும்பகுதி நடைமுறைக்கு வரவே 2027 ஆகும். படம் போனால் போதும்.

தம்பி சொன்ன அமெரிக்கா

பாதி சரி. அங்கே 1986-இல் போட்ட சட்டம் ஒன்று, துப்பாக்கி உரிமையாளர்களின் பதிவேட்டை நடுவண் அரசு உருவாக்கக் கூடாது என்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். டெக்சாஸில் பதிவு இல்லை, ஹவாயில் கட்டாயம். 2012 டிசம்பரில், ஒரு பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு, நியூயார்க் பக்கத்துச் செய்தித்தாள் ஒன்று கைத்துப்பாக்கி அனுமதி வைத்திருப்பவர்களின் பெயரையும் முகவரியையும் வரைபடமாகவே போட்டுவிட்டது. பொதுப் பதிவேட்டில் இருப்பதைத்தான் போட்டோம் என்றார்கள். பெரிய ரகளை ஆனது. அடுத்த மாதமே அந்த மாநிலம் துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்கியது. அதே சட்டத்தில், என் விவரத்தை வெளியிடாதே என்று அனுமதிதாரர் எழுதிக் கொடுக்கவும் வழி வைத்தது. கவனியுங்கள், பதிவேட்டை எடுத்துவிடவில்லை. அதைத் தெருவில் ஒட்டுவதைத்தான் தடுத்தார்கள்.

அங்கே துப்பாக்கி அரசியலமைப்பு உரிமை. இங்கே அரசு தருகிற அனுமதி. கர்நாடகத்தில் குடகுக்காரர்களுக்கு உரிமமே வேண்டாம் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான், 2029 வரை கொடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் விலக்கு இருக்கிறது. அது அந்த மண்ணுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற தனி ஏற்பாடு. மலைக்கு இந்தப் பக்கம் செல்லாது.

உங்கள் பெயருக்கு உரிமம் வாங்கலாமா?

2016-ஆம் வருட ஆயுத விதிகளின் 25-ஆவது விதி வாரிசுகளுக்கு வழி வைத்திருக்கிறது. மனைவி, மகன், மகள் மட்டுமில்லை, மருமகன், மருமகள், உடன்பிறந்தவர்கூட விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதம், மருத்துவச் சான்று, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி, காவல்துறை விசாரணை எல்லாம் உண்டு. உங்கள் மாவட்டத்தில் கலெக்டர்தான் உரிமம் தருபவர்; மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், மேல்முறையீடும் உண்டு. (இதைப் படிக்கும் பெரியவர்களுக்கு: உரிமதாரர் 70 வயதைத் தாண்டியிருந்தாலோ, 25 வருடம் ஆயுதம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே இந்த விதியில் வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கலாம். அம்மிணியின் அப்பா அதைச் செய்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.)

உங்கள் தோட்டத்துக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அந்தியூர் காடுகள் 2024-இல் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் புது உரிமம் தர வேண்டுமென்றால் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களும் மூன்று மாதத்துக்குள் வனத்துறையிடம் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். அப்பா பதிந்தாரா என்று காகிதங்களில் தேடிப் பாருங்கள்.

காட்டுப்பன்றிக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால், உரிமம் கிடைத்தாலும் பன்றியைச் சுட உங்களுக்கு அனுமதி கிடைத்ததாகாது. துப்பாக்கி வைக்க ஒரு சட்டம், பன்றியைத் தொட இன்னொரு சட்டம். 2025 ஜனவரியில் அரசு சொன்ன ஏற்பாட்டிலும் காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கை வைக்கக் கூடாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது, அதற்கு அப்பால்தான் சுடுவது. சுடுவதும் வனத்துறை ஆட்கள். அவுட்டுக்காய் (நாட்டு வெடி), கரண்டு வேலி பக்கம் போகவே வேண்டாம். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீட்டு மனுவை உடனுக்குடன் போடுங்கள்.

அம்மாவின் பாதுகாப்புக்காக என்றால், என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். நீங்கள் திருப்பூரில், துப்பாக்கி சாளையில், தூக்கக்கூட முடியாத அம்மா கட்டிலில். உரிமம் உங்கள் பெயரில் இருந்தால் நீங்கள் இல்லாதபோது அதை அம்மா வசம் விட்டு வைப்பதே தப்பு. கேமராவும், வாசலில் நல்ல வெளிச்சமும், ராத்திரித் துணைக்கு ஒரு ஆளும் அதைவிடப் பயன்படும். வியாபாரி வழியாக விற்றுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. முடிவு உங்கள் மூன்று பேருடையது. ஆனால் நிலையத்திலேயே வருடக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். கெடு தாண்டினால் அரசுடைமையாகிவிடும்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், உரிமப் புத்தகத்தையாவது அப்பா நினைவாக வைத்துக்கொள்ளலாமா என்று. அசலைக் கொடுத்தாக வேண்டும். முதல் பக்கத்தில் அவருடைய சின்ன வயதுப் போட்டோ இருக்கிறது என்றீர்கள். கொண்டுபோகும் முன் அதை நல்ல கடையில் கலரில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். மஞ்சள் பையில் கிடக்கும் பழைய தோட்டாக்களையும் எண்ணி, எண்ணிக்கையைக் கடிதத்தில் எழுதிக் கூடவே ஒப்படையுங்கள். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத் தோட்டாவை மறந்துபோகிறவர்கள்தான் அதிகம்.